நன்றாக ஆண்டும் தோற்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேர்தல் பற்றிய குறிப்பு ஒன்றில் ‘மக்கள் தீர்ப்பு என்ற சொல்லை நான் அவ்வளவாக நம்புவதில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து கேட்க நினைத்த கேள்வி இது.

2004 மக்களவைத் தேர்தலின்போது நான் கல்லூரி மாணவன். வாஜ்பாய் அரசு திரும்ப வரும் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். வளர்ச்சி எட்டு விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு 10,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. தங்க நாற்கரச் சாலை கண்ணெதிரே உருவாகிக்கொண்டிருந்தது. பிரதமர் மேல் எதிர்க்கட்சிக்காரர்களுக்கே மரியாதை இருந்தது. ஆனாலும் தோற்றார்கள். ‘இந்தியா ஒளிர்கிறது’ விளம்பரம் ஏழைகளுக்கு எரிச்சலூட்டியது என்று முடிவு வந்த மறுநாளே ஆளாளுக்கு எழுதினார்கள். முந்தைய நாள்வரை அப்படி எழுதியவர்களை நான் பார்க்கவில்லை.

நன்றாக ஆண்ட கட்சி ஏன் தோற்கிறது? மோசமாக ஆண்டவர்கள் ஜெயிப்பதையும் பார்த்துவிட்டோம். மக்களுக்கு நன்றி இல்லையா, இல்லை ஆட்சிக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே கிடையாதா?

அன்புடன்
வே.

*

அன்புள்ள வே. அவர்களுக்கு,

நன்றியை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். போட்ட சாலைக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. சாலை வந்த மறுநாளே அது எப்போதும் அங்கே இருந்ததுபோல ஆகிவிடுகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. வரிப்பணத்தில் போட்ட சாலைதானே.

உங்கள் 2004 கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு தகவல் இருக்கிறது. அந்தத் தேர்தலில் காங்கிரஸின் வாக்கு விகிதம் கூடவில்லை, குறைந்தது. 1999இல் 28.3 விழுக்காடு வாங்கி 114 இடங்களில் ஜெயித்த கட்சி, 2004இல் 26.5 விழுக்காடு வாங்கி 145 இடங்களைப் பிடித்தது. பாஜக சுமார் ஒன்றரை விழுக்காட்டை இழந்தது, 182இலிருந்து 138க்கு இறங்கியது. ஏழைகள் பொங்கியெழுந்து ஆட்சியைத் தூக்கியெறிந்தார்கள் என்றால் அந்தப் பொங்கல் எங்கேயாவது கணக்கில் தெரிய வேண்டாமா?

தெரிகிற இடம் வேறு. 1999இல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வாஜ்பாய் பக்கம் நின்ற கட்சிகள் 26, 36 என்று மொத்தம் 62 இடங்களில் ஜெயித்திருந்தன. 2004இல் இரண்டு மாநிலமும் சேர்ந்து கொடுத்தது ஐந்து. ஆந்திரத்தில் வறட்சியும், சட்டமன்றத் தேர்தல் கூடவே நடந்ததும் பெரிய காரணங்கள். தமிழ்நாட்டிலோ 2003 டிசம்பரில் வாஜ்பாய் கூட்டணியை விட்டுத் திமுக வெளியே வந்தது, மதிமுகவும் பாமகவும் அதன் பின்னாலேயே வெளியேறின. பீகாரில் ராம் விலாஸ் பாஸ்வான் 2002லேயே மந்திரி பதவியை விட்டுவிட்டு வெளியேறியிருந்தார். 2004இல் அவரும் லாலுவும் காங்கிரஸும் ஒரே அணி, 40இல் 29 அவர்களுக்கு. விளம்பர வாசகத்தைத் திட்டுவது சுலபம். வீட்டை விட்டு யார் யார் எப்போது கிளம்பினார்கள் என்று கவனிப்பது கொஞ்சம் அலுப்பான வேலை. ஆனால் அந்த அலுப்பான வேலையில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆளுங்கட்சி மேல் வெறுப்பு எப்போதும் உண்டு. ஜெயித்த அன்றே ஆரம்பித்துவிடும். தொகுதிக்கு ஒருவருக்குத்தான் சீட்டு, மந்திரிசபையில் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் நாற்காலி. ஒவ்வொரு ஆண்டும் கிடைக்காதவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. வெளியே வாக்காளரிடமும் அதே கதைதான். முதல் இரண்டு ஆண்டுகள் ‘எல்லாம் முந்தைய ஆட்சி செய்த வேலை’ என்று சொல்லலாம், எட்டாவது ஆண்டில் சொன்னால் சிரிப்பார்கள். இவ்வளவு இருந்தும் பல கட்சிகள் திரும்பத் திரும்ப ஜெயிக்கின்றன. வெறுப்பு சிதறிக் கிடக்கும்வரை ஆபத்தில்லை. அதைக் கூட்டி ஒரே பெட்டிக்குள் போடுகிற ஆள் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்குள்ளேயேதான் இருக்கிறார்.

1977ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 18 அன்று இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மக்களவையின் ஆயுளை ஏற்கனவே நீட்டித்திருந்தார், இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். ஜெயிப்போம் என்ற நம்பிக்கை தேர்தல் வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். ஒன்றரை ஆண்டுகளாகப் பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்ப்பவர்கள் சிறையில். நல்ல சேதி மட்டுமே காதுக்கு வருகிற ஏற்பாட்டை அவரே செய்துவைத்திருந்தார். விலைவாசி உண்மையிலேயே கட்டுக்குள் இருந்தது. சிறையிலிருந்து வந்த தலைவர்கள் இரண்டே மாதத்தில் என்ன செய்துவிட முடியும்?

ஐந்தே நாளில் ஜனதா கட்சி உருவானது. அதைவிடப் பெரிய அடி பிப்ரவரி 2இல் விழுந்தது. மூத்த அமைச்சரும் தலித் மக்களின் பெருந்தலைவருமான ஜெகஜீவன் ராம் வெளியேறினார். அவசரநிலைக்கு ஒப்புதல் தரும் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவரே அவர்தான். அவரது விலகல் கொண்டுவந்த வாக்குகளைவிட முக்கியமானது, அது சொன்ன சேதி: அவரே போகிறார் என்றால் இனிப் பயப்பட வேண்டியதில்லை. கட்டாயக் கருத்தடையில் நொந்துபோயிருந்த வட இந்தியக் கிராமங்களுக்கு அந்தச் சேதி போதும். ஒரே ஆண்டில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்திருந்தன. உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரே பரேலியில் பிரதமரே தோற்றார்.

அதே தேர்தலில் ஆந்திரத்தின் 42இல் 41ஐயும் கர்நாடகத்தின் 28இல் 26ஐயும் காங்கிரஸ்தான் வென்றது. ‘நாடே நிராகரித்தது’ என்று பள்ளிப் பாடம்போலச் சொல்கிறோம், பாதி நாடு நிராகரிக்கவில்லை. மக்கள் தீர்ப்பு என்ற சொல்லை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். வாக்காளர்கள் பல கோடிப் பேர், அவர்கள் கூடிப் பேசி ஒரு தீர்ப்பு எழுதுவதில்லை. எழுதப்பட்டதுபோல நாம் பிறகு வாசித்துக்கொள்கிறோம்.

இலங்கையில் 2015இல் நடந்தது இதன் அச்சு அசல். போரை முடித்தவர் என்ற பெயரோடு 2010இல் 57.88 விழுக்காடு வாங்கிய மகிந்த ராஜபக்ச, மூன்றாவது முறையும் நிற்க வசதியாக அரசியலமைப்பையே திருத்திவிட்டு, பதவிக்காலம் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும்போதே தேர்தலை அறிவித்தார். மறுநாள் அவருடைய கட்சியின் பொதுச் செயலாளரும் சுகாதார அமைச்சருமான மைத்ரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றார். முந்தின இரவு இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டார்கள் என்று அப்போது பரவலாகப் பேசிக்கொண்டார்கள். சிறிசேன 51.28, மகிந்த 47.58. தமிழ், முஸ்லிம் வாக்குகள் பெருமளவில் சிறிசேனவுக்குப் போயின என்பது உண்மை. ஆனால் அவை 2010லும் மகிந்தவுக்கு எதிராகத்தான் இருந்தன. இந்த முறை சிங்கள வாக்கிலிருந்து ஒரு துண்டை உடைத்துக் கொண்டுவர உள்ளிருந்து ஓர் ஆள் வந்தார், அவ்வளவுதான்.

1989இல் ராஜீவ் காந்தியை வீழ்த்திய வி.பி. சிங் அவருடைய நிதியமைச்சராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். மலேசியாவில் 1957இல் விடுதலை கிடைத்த நாளிலிருந்து ஆண்ட கூட்டணி 2018இல் தோற்றபோது எதிரணிக்குத் தலைமை தாங்கியது 92 வயது மகாதீர் முகமது. அதே ஆளுங்கூட்டணியின் பிரதமராக 22 ஆண்டு இருந்தவர் அவர். தன் ஆட்சியில் சிறைக்கு அனுப்பிய அன்வர் இப்ராகிமோடு கைகோத்துக்கொண்டார். அரசு முதலீட்டு நிதியில் நடந்த ஊழலும் 2015இல் வந்த ஆறு விழுக்காடு ஜிஎஸ்டியும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தன, மறுக்கவில்லை. கொதிப்பு இருந்தது, மூடியைத் திறக்கத் தெரிந்தவர் பழைய சமையல்காரர்.

என்னை எப்போதும் ஆச்சரியப்படுத்துவது கனடா, 1993. ஆட்சியில் இருந்த முற்போக்குப் பழமைவாதக் கட்சி அறுதிப் பெரும்பான்மையிலிருந்து இரண்டே இடத்துக்கு இறங்கியது. இருபது அல்ல, இரண்டு. பிரதமர் கிம் கேம்பல் தன் தொகுதியையும் இழந்தார். அந்தக் கட்சி 16 விழுக்காடு வாக்கு வாங்கியிருந்தது என்பதுதான் வேடிக்கை. கியூபெக் மாகாணத்தில் மட்டும் நின்று வெறும் 13.5 விழுக்காடு வாங்கிய கட்சிக்கு 54 இடங்கள். அதன் தலைவர் லூசியன் பூஷார் யார் என்று பார்த்தால், கேம்பலுக்கு முன் அதே கட்சியின் பிரதமராக இருந்த மல்ரோனியின் அமைச்சரவையில் இருந்து விலகியவர். மேற்கில் இன்னொரு கட்சி வலதுசாரி வாக்கை அள்ளிப்போனது. கூரை இருந்தது, இரண்டு பக்கச் சுவரும் நடந்து போய்விட்டன.

சரி, யாரும் வெளியேறாமலும் ஆளுங்கட்சிகள் தோற்கின்றனவே என்று நீங்கள் கேட்பீர்கள். தோற்கின்றன. வளைகுடாப் போர் முடிந்தபோது மூத்த புஷ்ஷுக்கு 89 விழுக்காடு ஆதரவு இருந்தது, அடுத்த ஆண்டே வேலையில்லாத் திண்டாட்டத்தில் ஆட்சி போனது. 1945இல் போரை வென்ற சர்ச்சில் ஜூலையில் தோற்றார். அவரைத் தோற்கடித்த அட்லி அந்த ஆண்டு மே மாதம்வரை அவருடைய போர்க்கால அமைச்சரவையில் துணைப் பிரதமர். இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கூடாது. அட்லி வேறு கட்சித் தலைவர், கட்சி மாறி வந்தவர் அல்ல.

அப்புறம் விலைவாசி. இதில் ஆளுங்கட்சிகள் ஒரே குழியில் திரும்பத் திரும்ப விழுகின்றன. 2022 அக்டோபரில் பிரிட்டனில் பணவீக்கம் 11.1 விழுக்காடு. 2024 மே மாதம் அது 2 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. பிரதமர் ரிஷி சுனக் அதைச் சாதனையாகச் சொல்லி ஜூலை 4இல் தேர்தலைச் சந்தித்தார். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. நூறாக இருந்தது நூற்றிருபது ஆகி, இப்போது மெதுவாக நூற்றிருபத்திரண்டை நோக்கிப் போகிறது என்றுதான் அர்த்தம். பொருளாதார நிபுணருக்கு இரண்டு என்ற எண் கண்ணில் படும், வீட்டுச் செலவு பார்க்கிறவருக்கு நூற்றிருபத்திரண்டு. சம்பளம் அந்த அளவுக்கு ஏறி முடிகிறவரை நிபுணர் சொல்வது அவருக்கு நக்கலாகத்தான் கேட்கும். 2024இல் அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி தோற்றதற்கும், ஜப்பானின் ஆளுங்கூட்டணி பெரும்பான்மையை இழந்ததற்கும் இந்த எரிச்சலில் பங்கு உண்டு. மெக்சிகோவில் மட்டும் ஆளுங்கட்சி அதே ஆண்டில் அமோகமாக ஜெயித்தது. அங்கே குறைந்தபட்சக் கூலியை ஆண்டுதோறும் நன்றாக உயர்த்தி வந்திருந்தார்கள்.

ஆனால் பிரிட்டனின் வாக்குக் கணக்கைப் பார்த்தால் பழைய கதைதான். 2019இல் படுதோல்வி அடைந்த தொழிற்கட்சி ஒரு கோடிக்கும் மேல் வாக்கு வாங்கியிருந்தது. 2024இல் அதைவிடக் குறைவாக, ஏறக்குறைய 97 லட்சம் வாக்கு வாங்கி, 650இல் 411 இடங்களைப் பிடித்தது. பழமைவாதக் கட்சி 43.6இலிருந்து 23.7 விழுக்காட்டுக்குச் சரிந்தது. இங்கே வெளியேறியது அமைச்சர் அல்ல, வாக்காளர்களே. சிலர் இன்னும் வலதுசாரியான கட்சிக்குப் போனார்கள், சிலர் வாக்களிக்கவே போகவில்லை. 2004இன் காங்கிரஸும் 2024இன் தொழிற்கட்சியும் வளர்ந்து ஜெயிக்கவில்லை. எதிரே இருந்த வீடு கலைந்ததில் ஜெயித்தார்கள்.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு: ஆட்சிக்கும் ஓட்டுக்கும் சம்பந்தம் உண்டு, நேர்ச் சம்பந்தம் இல்லை. மோசமான ஆட்சி முதலில் சொந்த ஆட்களைத்தான் யோசிக்க வைக்கிறது. அடுத்த முறை இந்தச் சின்னத்தில் நின்றால் தன் தொகுதியில் தேறுவோமா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். எந்தக் கருத்துக்கணிப்பையும்விட அது துல்லியமானது, ஏனென்றால் அதில் பிழை வந்தால் பிழைப்பு போய்விடும். நல்ல ஆட்சி நடத்திக்கொண்டே அவர்களை அவமதித்தாலும், எல்லாப் பதவியையும் நாலு பேரிடமோ ஒரு குடும்பத்திடமோ குவித்தாலும் அதே விளைவுதான். திமுக ஒன்றும் நாற்கரச் சாலையைப் பிடிக்காமல் போகவில்லை.

வெளியேறியவர்கள் என்ன ஆனார்கள் என்பது தனிக் கதை. ஜெகஜீவன் ராம் துணைப் பிரதமர்வரை போனார், 1980இல் ஜனதாவின் பிரதமர் வேட்பாளராக நின்றபோது இந்திரா 353 இடங்களோடு திரும்பிவிட்டார். வி.பி. சிங்கின் ஆட்சி பதினோரு மாதம். மகாதீர் 2022இல் லங்காவித் தொகுதியில் கட்டுத்தொகையையே இழந்தார். சிறிசேன 2018 அக்டோபரில் தன் பிரதமரை நீக்கிவிட்டு அந்த இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்தார், அவர் வேறு யாருமல்ல, மகிந்த ராஜபக்ச. உச்ச நீதிமன்றம் குறுக்கே வந்ததால் டிசம்பரில் அவர் விலக வேண்டியதாயிற்று.

அன்புடன்