படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் பத்தே நிமிடத்தில் சூடாகிறது, முதலில் எதைப் பார்ப்பது?

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அலாரம் அலறுகிறது, எஞ்சினைக் குளிரவைத்துப் பின்னால் பீய்ச்ச வேண்டிய தண்ணீர் நூல் போல வருகிறது என்கிறீர்கள். செகண்ட் ஹேண்ட் மோட்டார் என்றால் என் சந்தேகம் இம்பெல்லர் மேல்தான், அதாவது தண்ணீரை மேலே தள்ளும் பம்பின் ரப்பர்ச் சக்கரம். ஆனால் அதைக் கழற்றுமுன் எஞ்சினை அணைத்துவிட்டு, தண்ணீர் வரும் அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பாருங்கள். உப்போ சேறோ அடைத்திருந்தால் ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

சரி, அப்போதும் வரவில்லையா? ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு கியர் பகுதியைக் கீழே இறக்குங்கள். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும். அது தெரியாமல் நான் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு நின்றேன். பம்ப் மூடிக்குள் இருக்கும் அந்த ரப்பர்ச் சக்கரத்தின் இறக்கைகள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஏதாவது ஒடிந்திருந்தால் அந்தத் துண்டு மேலே போகும் குழாயில்தான் சிக்கியிருக்கும், அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை. எனக்குக் கிடைத்தது புளியங்கொட்டை அளவு துண்டு!

புதியதைப் பொருத்தும்போது ஷாஃப்டை (சக்கரம் மாட்டியிருக்கும் தண்டை) வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே மூடியை அழுத்துங்கள். அப்புறம், சூடானதும் திறந்து தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் திறக்க வேண்டும், திறக்கவில்லையென்றால் வேறு வாங்குங்கள்.

தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள், புது ரப்பர் பாழாகிவிடும். கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் அதைச் செய்திருக்கவே மாட்டார்.