காரைக்குடியில் கிடைக்கும் பழைய சீக்கோ டைவர் வாட்ச் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் இரண்டு வாட்ச் இருக்கிறது. ஒன்று, ஐயா மலேசியாவிலிருந்து கொண்டுவந்து தேவகோட்டை வீட்டுப் பெட்டகத்தில் ஓடாமல் கிடக்கிற 6309-7049. இன்னொன்று, முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் விலை பேசி வைத்திருக்கிற, கண்ணைப் பறிக்கும் பளபளப்பான 6309-7040. எது அசல், கடையில் இருப்பதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண் வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலில் வரும் 6309 உள்ளே இருக்கிற மெஷினின் எண். 7040-ம் 7049-ம் ஒரே வாட்ச்தான், விற்ற சந்தைதான் வேறு. 1976 முதல் 1988 வரை வந்த மாடல். 150 மீட்டர் ஆழம் தாங்கும் டைவர், மெஷினில் தேய்மானம் தடுக்க 17 கல், 22 மி.மீ. பட்டை, நாலு மணிப் பக்கம் திருகி மூடுகிற கிரவுன் (நேரம் திருத்தும் குமிழ்), ஆமை ஓடு மாதிரி கேஸ் (வெளிக்கூடு). சேகரிப்பவர்கள் 'டர்ட்டில்' என்றே கூப்பிடுவார்கள்.

இந்த ரகத்தில் முழுப் போலியைவிட ஒட்டுவேலைதான் அதிகம். கேஸ் ஒரு வாட்சிலிருந்து, மெஷின் இன்னொன்றிலிருந்து, டயலும் முள்ளும் நேற்று அச்சடித்தவை. 6309 மெஷின் டைவரில் மட்டும் வந்ததில்லை. சாதாரண சீக்கோ 5 வாட்ச்களிலும் ஏராளமாகப் போட்டார்கள். அதனால் கடைக்காரர் "அசல் ஜப்பான் மெஷினுங்க" என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த உண்மையை வைத்து அந்த வாட்ச் டைவராகப் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, எந்தெந்தப் பாகம் ஒன்றாகப் பிறந்தது என்பதுதான்.

கடையிலேயே, மூடியைத் திறக்காமல், அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கிரவுனைத் திருகித் தளர்த்துங்கள். வெளியே இழுக்காமல் முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள். 6309-க்குக் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது; கை அசைவில்தான் ஏறும். பிறகு கிரவுனைக் கடைசி வரை இழுங்கள். நொடி முள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றும்போது சாவி ஏறுகிற நரநரப்பு கையில் தெரிந்து, இழுத்தவுடன் நொடி முள்ளும் நின்றுவிட்டால், உள்ளே இருப்பது என்எச்36 மாதிரி இந்தக் காலத்து மெஷின். 24 கல், நன்றாகவே ஓடும், கட்டிக்கொள்ள ஒரு குறையும் இல்லை. பழைய வாட்ச் விலை மட்டும் கொடுக்காதீர்கள். இந்தச் சோதனையை எல்லா சீக்கோவுக்கும் போட்டுவிடக் கூடாது. இதற்கு முந்தைய டைவர் மாடலான 6105-8110-ல் பின்னாளில் வந்த 6105பி மெஷினில் நொடி முள் நிற்கத்தான் செய்யும். அந்த மாடலில் கிரவுனுக்குத் திருகும் கிடையாது, அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பட்டை அகலமும் 19 மி.மீ.தான்.

அடுத்து தேதி சன்னல். கிரவுன் நாலு மணிப் பக்கம் இருப்பதால் மெஷினே கொஞ்சம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கேற்ற கோணத்தில்தான் தேதிச் சக்கரத்தில் எண் அச்சடிப்பார்கள். கிரவுன் மூன்று மணியில் இருந்த வாட்சின் மெஷினைக் கழற்றி இதில் போட்டால், சன்னலில் எண் சாய்ந்தோ ஓரம் தள்ளியோ நிற்கும். கிழமை ஆங்கிலத்தோடு அரபியிலோ, ஸ்பானிஷிலோ, ரோமன் எண்ணிலோ வந்தால் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது விற்ற ஊரைப் பொறுத்தது.

பின்மூடியில் அலை ஒன்று பொறித்திருக்கும், மாடல் எண் இருக்கும், ஆறு இலக்க வரிசை எண் இருக்கும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை அப்படியே, அக்டோபருக்கு 0, நவம்பருக்கு ஆங்கில என், டிசம்பருக்கு டி. 43 என்று தொடங்கினால் 1984 மார்ச். 82 என்றால் 1978 பிப்ரவரியாகவும் இருக்கலாம், 1988 பிப்ரவரியாகவும் இருக்கலாம். முதல் எண் 6, 7, 8 என்று வந்தாலே இந்தச் சந்தேகம் தீராது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: இந்த எண் மூடியில் மட்டும்தான் இருக்கிறது. நல்ல மூடியை மட்டும் வாங்கிப் புதுக் கேஸில் மாட்டுவது ஐந்து நிமிட வேலை. மூடி நிறையக் கீறல், கேஸில் ஒரு கீறலும் இல்லை என்றால் யோசியுங்கள்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டயல்தான். பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, மிகச் சின்ன எழுத்தில் டயல் எண் இருக்கும். 6309-704எல் என்பது அடிக்கடி காண்பது. அந்த எண் மூடியில் உள்ள எண்ணோடு அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டியதில்லை, முதல் பகுதி 6309 என்று இருந்தால் சரி. மறுபடி அச்சடித்த டயலில் இந்த வரி இருக்காது, அல்லது எறும்பு நசுங்கினாற்போல இருக்கும். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். மை கசிந்து 6-ன் வளையம் அடைபட்டிருந்தால் அது பின்னால் வந்தது. ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஊதா என்று டயல் மினுக்கினால், கேடயத்துக்குள் 5 என்று போட்டிருந்தால், அது 'பம்பாய் ஸ்பெஷல்' என்று சேகரிப்பவர்கள் கிண்டல் செய்கிற ரகம். இந்த டைவரில் 5 முத்திரை வரவே வராது.

ஒளிரும் பசையையும் பாருங்கள். டார்ச் அடித்துவிட்டு உள்ளங்கையைக் குவித்து இருட்டாக்கிப் பார்த்தால், நாற்பது ஆண்டுப் பழைய பசை லேசாக மினுங்கிச் சில நொடியில் அணைந்துவிடும். நிமிடக் கணக்கில் பச்சையாக எரிந்தால் அது பிற்காலத்துப் பசை. இப்போது புழக்கத்தில் இருக்கிற அந்த வகையை ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கண்டுபிடித்ததே 1993-ல்தான். டயலில் பழுப்பு, முள்ளில் வெள்ளை என்றால் இரண்டில் ஒன்று மாற்றியது.

கேஸில் பளபளப்பைத் தேடாதீர்கள். மேல்பரப்பில் நடுவிலிருந்து விரிகிற மெல்லிய கோடுகள் இருக்க வேண்டும், பக்கவாட்டு மட்டும் மினுக்கம். இரண்டும் சந்திக்கிற விளிம்பு நகத்தில் தட்டுப்பட வேண்டும். மோட்டாரில் வைத்துத் தேய்த்த கேஸ் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுத்துவிடும். போன உலோகம் திரும்பாது. நீங்கள் சொல்கிற பளபளப்பு எனக்கு அப்படித்தான் படுகிறது. பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றித் திரும்புகிற வளையம், இரண்டு பக்கமும் சுற்றுவது சரிதான், இந்த மாடலுக்கு அதுவே இயல்பு. சொடக்கு இல்லாமல் வழுக்கினால், யாரோ பெசலை நெம்பி எடுத்தபோது உள்ளே இருந்த சின்ன எஃகுக் குண்டும் சுருளும் தெறித்துப் போயிருக்கும்.

இனி பெட்டக வாட்ச். ஆசையில் குலுக்கி ஓட்டாதீர்கள். காய்ந்த எண்ணெய் பிசினாகியிருக்கும்; அதோடு ஓடவிட்டால் அச்சுமுனைகள் தேயும். மூடியைத் திறக்குமுன், விளிம்பிலும் பள்ளங்களிலும் இறுகிக் கிடக்கிற அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது திருகுப்புரியில் விழும், மெஷினிலும் விழும். உள்ளே ரப்பர் வாஷர் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தால் அது வழக்கம்தான். மூடி, கண்ணாடி, கிரவுன், பெசல், நாலு இடத்து வாஷரும் மாற்றச் சொல்லுங்கள். எண்ணெய் மாற்றி சர்வீஸ் செய்த பிறகும் கையில் கட்டியிருக்கும்போதே நின்றுபோனால், சுழல்தகட்டின் அசைவைச் சாவியாக மாற்றுகிற 'மேஜிக் லீவர்' நுனி தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். பட்டையைக் கேஸோடு பிடித்திருக்கிற ஊசியான ஸ்பிரிங் பார் 2.5 மி.மீ. தடிமன் உள்ளதாக இருக்கட்டும். ஒல்லியானதைப் போட்டால் துளையில் ஆடும், ஒரு நாள் வாட்ச் கீழே விழும்.

150 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி ஊருணியில் இறங்க வேண்டாம். அழுத்தச் சோதனைக் கருவி இருக்கிற கடையில் காட்டுங்கள். இல்லையென்றால், வெயிலில் வைத்து வாட்சைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஏற்றி, கண்ணாடி மேல் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

கடை வாட்சை மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் மட்டும் வாங்குங்கள். கட்டிக்கொள்ள மட்டும்தான் வேண்டுமென்றால், இதே உருவத்தில் சீக்கோவே பின்னால் விட்ட எஸ்ஆர்பி777 இருக்கிறது, 200 மீட்டர், தலைவலி இல்லை. வீட்டு வாட்சை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மட்டும் "பாலிஷ் வேண்டாம், டயலையும் முள்ளையும் தொடாதீங்க, கழற்றின பழைய பாகம் எல்லாத்தையும் கவரில் போட்டுக் கொடுத்துடுங்கண்ணே" என்று சொல்லி, அதையே ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.