ஹோம்ஸ் சுயநலக்காரரா?

அன்புள்ள ஐயா,

என் மகள் இந்த விடுமுறையில் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை வரிசையாகப் படிக்கிறாள். ‘தி டையிங் டிடெக்டிவ்’ முடித்ததும் கோபத்தில் புத்தகத்தை வைத்துவிட்டாள். சாகக் கிடப்பதாக நடித்து, பதறி ஓடிவந்த டாக்டர் நண்பர் வாட்சனைக் கிட்டே விடாமல், போதாக்குறைக்கு அவர் படிப்பையும் மட்டம்தட்டுகிறவருக்கு எவ்வளவு மூளை இருந்து என்ன, சுத்த சுயநலம் என்கிறாள். எனக்கும் மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மகளின் கோபம் நியாயம்தான். குற்றச்சாட்டைத்தான் மாற்றச் சொல்வேன்.

அந்தக் கதையில் ஹோம்ஸ் மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறார். நெற்றியில் வாசலின், கன்னத்தில் சாயம், உதட்டில் தேன்மெழுகுப் பொருக்கு. வாட்சன் வந்து நாடி பிடித்தால் காய்ச்சலே இல்லை என்று தெரிந்துபோகும். அப்புறம், சிக்கவைக்க வேண்டிய கொலைகாரன் கல்வர்ட்டன் ஸ்மித்தை உண்மையான பதற்றத்தோடு போய் அழைத்துவர ஆள் ஏது? திட்டி விலக்கியதே வாட்சன் நல்ல டாக்டர் என்பதால்தான். நடுவில் வாட்சன் ஒரு தந்தப் பெட்டியைச் சும்மா கையில் எடுக்கிறார். தெருவுக்கே கேட்கும்படி ஒரு கத்தல் போடுகிறார் ஹோம்ஸ். பெட்டிக்குள் இருப்பது நோய் ஏற்றுகிற ஸ்பிரிங். வாட்சனுக்கு அது ஜன்னியின் உளறலாகத்தான் படுகிறது.

சுயநலக்காரன் முதலில் தன் உடம்பைப் பார்த்துக்கொள்வான். ஹோம்ஸிடம் அது கிடையாது. 1887இல் வந்த முதல் நாவலிலேயே, இருவரையும் அறிமுகப்படுத்துகிற ஸ்டாம்ஃபோர்ட் வாட்சனை எச்சரிக்கிறார்: என்ன ஆகிறது பார்ப்போம் என்று நண்பனுக்கே ஒரு சிட்டிகை விஷத்தைக் கொடுக்கக்கூடிய ஆள், ஆனால் தானும் அதே வேகத்தில் விழுங்கிவிடுவார். இருபத்து மூன்று வருஷம் கழித்து, ‘தி டெவில்ஸ் ஃபுட்’ கதையில் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அதை அப்படியே நடத்திக் காட்டினார். கார்ன்வாலில் ஆட்களைக் கொன்ற பொடியை விளக்கில் போட்டுவிட்டு இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். வேண்டாமென்றால் விலகிக்கொள் என்று ஹோம்ஸ் முன்பே சொல்லிவிடுகிறார், வாட்சன் விலகவில்லை. கடைசியில் வாட்சன்தான் அவரை வெளியே இழுத்துப்போட்டுக் காப்பாற்றுகிறார். ஹோம்ஸ் நன்றியும் சொல்லி மன்னிப்பும் கேட்கிறார்.

பேரும் புகழும் கேட்டீர்கள் என்றால், ‘தி நேவல் ட்ரீட்டி’யில் அவரே கணக்குச் சொல்கிறார்: கடைசி 53 வழக்குகளில் அவர் பெயர் வெளிவந்தது 4இல்தான், மற்ற 49ம் போலீசாருக்கு. (அந்தக் கணக்கை வைத்திருக்கிறாரே என்று நீங்கள் சிரிக்கலாம். கர்வம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.)

என் குற்றச்சாட்டு இதுதான். கார்ன்வாலில் சம்மதம் கேட்டதுபோல அவர் எப்போதும் கேட்பதில்லை. அருவியில் விழுந்து செத்ததாக மூன்று வருஷம் வாட்சனை நம்பவிட்டார். பாசத்தில் ரகசியத்தை வெளியே விட்டுவிடுவாய் என்று பயந்தேன் என்கிறார். அண்ணன் மைக்ராஃப்டுக்கு மட்டும் தெரியுமாம். எனக்கு இது ஒப்பவில்லை.

அதைவிட மோசம் 1904இல் வந்த மில்வர்ட்டன் கதை. கடிதங்களைக் காட்டிப் பணம் பறிக்கிற மில்வர்ட்டனின் வீட்டுக்குள் நுழைய, பிளம்பர் வேஷத்தில் போய் வேலைக்காரப் பெண் அகதாவைக் காதலித்து நிச்சயமே செய்துகொள்கிறார் ஹோம்ஸ். அவர் தங்குதடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்று அவள் வீட்டு நாயை அடைத்துவைக்கிறாள். நல்ல காரியம்தான், ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கத்தான். ஆனாலும் வாட்சன் பதறிப்போய், அந்தப் பெண் என்ன ஆவாள் என்கிறார். ஹோம்ஸ் தோளைக் குலுக்குகிறார். அவளுக்காக இன்னொருத்தன் காத்திருக்கிறான், நான் நகர்ந்ததும் வந்துவிடுவான் என்கிறார். அடுத்த வாக்கியமே இன்றைய இரவு எவ்வளவு அருமை என்பது.

கதை முடியும்போது அகதாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. மகளை அதைப் படிக்கச் சொல்லுங்கள், வாட்சனை விட்டுவிட்டு அவளுக்காகக் கோபப்படட்டும்.