வேலிச் சண்டையில் மறு கன்னத்தைக் காட்டத்தான் வேண்டுமா?

கிளிநொச்சிப் பக்கம் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பக்கத்து வளவு அக்கா ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியாலை, அதாவது வேலிக்கு நடும் மரக்கம்பை, இவர்கள் பக்கம் தள்ளி நடுகிறாராம். கேட்டால் ஏச்சு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலு பேரிடம் இவரைப் பற்றிக் கதை. "மறு கன்னத்தையும் காட்டச் சொன்னாரே இயேசு, நான் பேசாமலே இருக்கவேண்டுமா?" என்று கேட்கிறார்.

இல்லை சகோதரி, பேசத்தான் வேண்டும். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசுவை விசாரணையில் ஒரு சேவகன் அறைந்தபோது என்ன நடந்தது என்று யோவான் 18ஆம் அதிகாரத்தில் பாருங்கள். திருப்பி அடிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. நான் பிழையாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று நேரே கேட்டார். மறு கன்னம் பற்றிய பேச்சு வருகிற மலைப்பிரசங்கம் பழிக்குப் பழி வாங்காதே என்றுதான் சொல்கிறது. அநியாயத்தை அநியாயம் என்று சொல்லாதே என்று அங்கே எங்கும் இல்லை. எங்கள் சபைகளில், அதுவும் பெண்பிள்ளைகளுக்கு, "பொறுத்துப் போ" என்பதையே அன்பு என்று பழக்கிவிட்டோம், அது எனக்குப் பெரிய கவலை.

ஆனால் பேசப் போகமுன் ஒன்றை யோசியுங்கள். 2009இல் யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்தபோது எத்தனை வளவுகளில் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, ஆவணமும் இடம்பெயர்வில் தொலைந்து போயிருந்தது. ஒரே எல்லையை இரண்டு வீட்டாரும் இரண்டு விதமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்த அக்காவுக்குக் காணி ஆசையாகவும் இருக்கலாம், இருந்ததையெல்லாம் இழந்த ஒருவரின் பயமாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் "கள்ளி" என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனால், வாயில் வருவதும் அதுதான்.

மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியாகப் போங்கள். வேலிக்கரையில், கையில் கத்தியோடு வேலை நடக்கும் நேரத்தில் வேண்டாம். பின்னேரம், அவர் முற்றத்தில் ஆறுதலாக இருக்கும்போது. பழைய கதை ஒன்றும் கிளறாமல், "அக்கா, போன கிழமை நட்ட கதியால் எங்கட பக்கம் வந்திட்டுது போல கிடக்கு. ரெண்டு பேருமாய் நூல் பிடிச்சுப் பாப்பமா?" அவ்வளவுதான். ஏசத் தொடங்கினால் "சரி அக்கா, பிறகு கதைப்பம்" என்று எழும்பி வந்துவிடுங்கள், அது தோல்வி இல்லை.

சரிவராவிட்டால் இரண்டாவது முறை இருவருக்கும் மதிப்பான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போதகரைவிட ஊரில் பழைய எல்லை தெரிந்த ஒரு ஐயா நல்லது. அதற்கும் மசியாவிட்டால், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெமிற் காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதி, சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி என்றால் பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, சபை தீர்ப்பும் சொல்வதில்லை, இரண்டு பேரும் இணங்கினால்தான் முடிவு. விசுவாசி அங்கே போகலாமா என்று தயங்காதீர்கள், அப்போஸ்தலன் பவுலே தன் உரிமையைச் சொல்லி இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், அபயமிட்டவர். கை நீட்டுதல், வெட்டுவேன் கொத்துவேன் என்ற மிரட்டல் வந்தால் மட்டும் இந்தப் படி ஒன்றும் வேண்டாம், நேரே பொலிஸ்.

ஆராதனைக்குப் பிறகு நடக்கும் கதைக்கு ஆள் ஆளாய்ப் போய் விளக்கம் சொல்லாதீர்கள். யாராவது உங்களிடமே கேட்டால் "அதை அக்காவோடயே கதைக்கிறன்" என்று விடுங்கள்.

மன்னிப்பு? அது இன்றைக்கே செய்யலாம், எல்லை தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் மன்னித்ததற்காக உடனே நம்பவேண்டும் என்றில்லை. தன்னைக் கொல்லத் தேடிவந்த சவுல் ராஜாவை எங்கேதிக் குகையில் கொல்லாமல் விட்ட தாவீது, சவுல் அழுது பேசிய பிறகும் அவனோடு அரண்மனைக்குப் போகவில்லை, தன் அரணிப்பான இடத்துக்கே ஏறிப்போனான். நீங்களும் அந்த அக்காவுக்குச் சுகமில்லை என்றால் கஞ்சி கொண்டு போய்க் கொடுங்கள். அடுத்த முறை அவர் வேலி அடைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.