ராமேஸ்வரம் கரையில் ஒரே ஒரு நாள்: கடல் வரலாறும் வானியலும் பார்க்க எங்கே போகலாம்?

காலை ரயிலில் வந்து இரவு ரயிலில் சென்னை திரும்புகிறீர்கள், பிள்ளைகளுக்குக் கப்பல், பாலம், நட்சத்திரம் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கரைக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பாம்பனுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலானோர் அதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் தனுஷ்கோடிக்கு ஓடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சாலைப் பாலத்தில் நடந்து போங்கள். ஒரு பக்கம் வடகடல், மறு பக்கம் தென்கடல். ஒன்று கொந்தளிக்கும் மாதங்களில் மற்றது அடங்கிக் கிடக்கும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவே ஷெர்சர் என்ற வகைத் தூக்குப்பாலம் இருந்தது. கப்பல் வந்தால் ஆட்கள் கையால் நெம்பித் திறப்பார்கள், இரண்டு பாதியாகப் பிரிந்து மேலே எழும்பும். 1964 டிசம்பர் புயல் மற்ற இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போனது, தூக்குப்பாலம் மட்டும் அசையவில்லை. 46 நாளில் ரயில் பாதையை மீட்டார்கள்! 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் உயர்கிறது. கப்பல் கடக்கும் நேரம் வாய்த்தால் வேறெங்கும் போகாமல் நின்று பாருங்கள்.

அப்புறம் தனுஷ்கோடி. போட் மெயில் என்ற ரயிலில் வந்தவர்கள் இங்கே நீராவிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். 2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்தை நான் இங்கேதான் பார்த்தேன். சூரியன் 10 நிமிடத்துக்கும் மேல் வளையமாக நின்றது. மாலையானால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், கவனம்.

கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கும் தேவிபட்டினம் எதிர்த் திசை. இந்த முறை வேண்டாம்.

இருட்டியதும் ஓலைக்குடா பக்கம் போனால் வடக்கே கடல்தான். நம் மாலுமிகள் ராப்பலகை வைத்திருந்தார்கள்: சின்னப் பலகை, அதன் நடுவில் கோத்த கயிறு, கயிற்றில் வரிசையாக முடிச்சுகள். ஒரு முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சு பொருந்துகிறதோ அதை வைத்து எந்த ஊருக்கு நேராக இருக்கிறோம் என்று கணிப்பார்கள். பங்குனி, சித்திரையில் சப்தரிஷி மண்டலத்தின் முன்னிரண்டு நட்சத்திரங்களை (வாலுக்கு எதிர்முனையில் இருப்பவை) இணைத்துக் கீழே இறங்கினால் துருவம் கிடைக்கும். இங்கே அது அடிவானத்திலிருந்து 9 டிகிரிதான், கையை நீட்டி விரல்களை மடக்கினால் ஒரு முஷ்டி உயரம். பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். சென்னை போனதும் மொட்டைமாடியில் மறுபடி அளக்கட்டும், அங்கே 13 டிகிரி வரவேண்டும்.