உங்கள் ஜெபத்தில் உங்கள் மகள் எங்கே?

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. எம்.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். நான்கு வருஷமாக வரன் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை உபவாசம், சபையில் வாராவாரம் ஜெபக்குறிப்பு எல்லாம் செய்தாயிற்று. இரண்டு இடம் வந்தது. ஒரு பையனுக்குச் சம்பளம் குறைவு, இன்னொரு குடும்பம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. இந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் ஏசாயா 60:22. ஐப்பசி பிறந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஊழியர் குடும்பமாக 21 நாள் உபவாசம் இருக்கச் சொன்னார், ஜெபத்துக்குப் பலன் கிடைக்க முன்கூட்டியே கொடுக்கிற விதைக் காணிக்கையும் கேட்டார். உபவாசம் ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது. ஜெபத்துக்குப் பதில் வரும்வரை பொறுமையாக இருப்பது எப்படி?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: காணிக்கை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். சபைக்குக் கொடுப்பது வேறு, ஜெபத்தின் பதிலுக்கு அட்வான்ஸ் கட்டுவது வேறு. தேவனுடைய வரத்தை விலைக்குக் கேட்டு வந்த சீமோனிடம் பேதுரு என்ன சொன்னார் என்பது அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஊழியரிடம் அதையே வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுதானே? அந்த வசனம், “கர்த்தராகிய நான் ஏற்றகாலத்தில் இதைத் தீவிரமாய் நடப்பிப்பேன்” என்று முடிகிறது. நம்மில் பலர் ‘தீவிரமாய்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுகிறோம். அதற்கு முன்னாலேயே ‘ஏற்றகாலத்தில்’ என்று நிற்பது கண்ணில் படுவதில்லை. தவிர, அந்த அதிகாரம் முழுவதும் பாழாய்க் கிடந்த சீயோனை, அதாவது எருசலேமைப் பார்த்துச் சொன்னது. அதைப் படித்து ஆறுதல் அடையலாம், தப்பில்லை. ஆனால் மார்கழிக்குள் மாப்பிள்ளை வராவிட்டால் கர்த்தர் வாக்குத் தவறிவிட்டார் என்று கணக்கு எழுதினால், அவர் போடாத கையெழுத்தை நாம் போட்டுக்கொண்டதாக ஆகும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பியது மூன்று பக்கக் கடிதம். இடம் கருதி மேலே சுருக்கியிருக்கிறேன். முழுவதையும் இரண்டு முறை படித்தேன். மகளின் வயது, படிப்பு, வேலை, சம்பளம், நிறம், உயரம் எல்லாம் இருக்கிறது. அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. வந்த இரண்டு இடத்தையும் வேண்டாம் என்றது யார்? ‘எங்களுக்கு ஒத்துவரவில்லை’ என்பதில் அவளும் சேர்த்தியா? அந்தச் சம்பளம் குறைந்த பையனை அவளுக்குப் பிடித்திருந்ததா? பதிலே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதப்படியே இரண்டு முறை வாசல் தட்டப்பட்டிருக்கிறது. அவை கர்த்தர் அனுப்பியவைதான் என்று நான் சாதிக்கவில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் திருப்பி அனுப்பியது நீங்கள். தாமதித்த பழி மட்டும் அவருக்கு.

காத்திருப்பு என்றாலே பிரசங்கத்தில் ஆபிரகாம் வந்துவிடுவார். 75 வயதில் அழைப்பு, 100 வயதில் ஈசாக்கு, நடுவில் 25 வருஷம். அதனால் பொறுமையாயிருங்கள் என்று ஆமென் போட்டு முடிப்பார்கள். அந்த 25 வருஷத்தில் ஒரு அவசரமும் இருக்கிறது. கானானுக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் பிள்ளை இல்லையென்று அவர் மனைவி சாராய் தன் எகிப்திய அடிமைப்பெண் ஆகாரைப் புருஷனிடம் கொடுத்தாள். ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தை மறுபடி படித்துப் பாருங்கள். புருஷனும் மனைவியும் பேசி முடிவெடுக்கிறார்கள். ஆகாரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக அதில் இல்லை. அப்புறம் கர்ப்பத்தோடு வனாந்தரத்துக்கு ஓடியது அவள். பல வருஷம் கழித்து அப்பத்தோடும் ஒரு துருத்தித் தண்ணீரோடும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே அனுப்பப்பட்டதும் அவள்தான். காத்திருக்க முடியாமல் போனது இவர்களுக்கு. அதன் செலவு முழுவதும் அவள் தலையில்.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. பிள்ளைக்குக் காத்துக்கொண்டிருந்தது கூடாரத்தில் இருந்தவர்கள். தூதன் தேடிப் போனதோ வனாந்தரத்தில் நீரூற்றண்டை இருந்தவளை. அவள் பிள்ளைக்குத் தூதன் வைக்கச் சொன்ன பேர் இஸ்மவேல்; தேவன் கேட்கிறார் என்று அர்த்தம். அவளும் தன் பங்குக்குக் கர்த்தருக்கு ஒரு பேர் வைத்தாள்: “நீர் என்னைக் காண்கிற தேவன்.” ஆபிரகாமின் பொறுமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆகாரின் பக்கத்தில் நின்று இந்தக் கதையைச் சொன்னவர்கள் குறைவு.

என் அக்காவுக்கு 33 வயதில்தான் கல்யாணம் ஆனது. அதற்கு முன் ஆறேழு வருஷம் எங்கள் சபையின் ஜெபக்குறிப்புப் பலகையில் அவள் பேர் இருந்தது. எந்தச் சபை என்பது வேண்டாம். சாக்பீஸில் எழுதுவார்கள். ‘சுகவீனம்’, ‘கடன் பாரம்’ இரண்டுக்கும் நடுவில் ‘திருமணத் தடை’ என்று போட்டு, கீழே அவள் பேர். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஜெபிக்கிறோம் அம்மிணி’ என்பார்கள். நல்ல மனசோடுதான். ஒரு கட்டத்தில் அவள் ஞாயிற்றுக்கிழமையானால் தலைவலி என்று படுத்துவிட ஆரம்பித்தாள். அதற்கும் ஜெபக்குறிப்பு கொடுத்தார் எங்கள் அம்மா! ரொம்ப வருஷம் கழித்து அவளிடம் கேட்டேன். “ஆண்டவரு மேல கோவமில்ல கண்ணு. என்ற பேரை எழுதிப் போட்டாங்க பாரு, அந்தப் பலகை மேலதான்” என்றாள்.

உங்கள் கடிதத்தில் ‘வாராவாரம் ஜெபக்குறிப்பு’ என்று பார்த்ததும் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது. இந்த வாரமே அதை நிறுத்துங்கள். கர்த்தருக்கு ஒரு முறை சொன்னால் போதாதா என்று நான் கேட்க மாட்டேன். ஓயாமல் போய்க் கேட்ட விதவையின் உவமையைச் சொன்னவர் அவரே. நீங்கள் ஓயாமல் கேளுங்கள். ஆனால் அந்த விதவை நியாயாதிபதியிடம் கொண்டுபோனது தன் வழக்கை. மகளுடைய வழக்கை அவளைக் கேட்காமல் ஊர் நடுவில் வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா, யோசியுங்கள்.

பொறுமை எப்படி என்று கேட்டீர்கள். யாக்கோபு தன் நிருபத்தில் பயிரிடுகிறவனைக் காட்டுகிறார்: “முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்.” கோபிக்காரருக்கு மஞ்சளைப் பற்றி நான் சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. வைகாசி, ஆனியில் நட்டால் தையிலோ மாசியிலோதான் வெட்டு. தாள் பச்சையாக நிற்கும்போதே ஆசைப்பட்டு வெட்டினால் கிழங்கு கிடைக்கும்தான். வேகவைத்துக் காயப்போட்டால் சுருங்கிப் போகும், எடை நிற்காது. சரி, அந்த எட்டு ஒன்பது மாதமும் மஞ்சள் போட்டவர் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு பொறுமை காக்கிறாரா? களை எடுக்கிறார், மண் அணைக்கிறார், தண்ணீர் கட்டுகிறார். ஊடே போட்ட சின்ன வெங்காயத்தை இரண்டு இரண்டரை மாதத்தில் பிடுங்கிச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார். மஞ்சள் வருகிறவரைக்கும் அந்தக் காட்டில் வேறு எதுவும் விளையக்கூடாது என்று அவர் விரதம் இருப்பதில்லை.

உங்கள் வீட்டில் நான்கு வருஷமாக வேறு எதுவும் விளைந்த மாதிரி தெரியவில்லை. மகள் மேலே படிக்க நினைத்தாளா, சிநேகிதிகளோடு எங்காவது போய்வர ஆசைப்பட்டாளா, சம்பளத்தில் தனக்கென்று எதாவது வாங்கினாளா? ‘எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்’ என்று தள்ளிவைத்திருந்தால் நீங்கள் காத்திருக்கவில்லை, அவளை நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

ஒருவேளை பதில் ‘இல்லை’ என்றே இருந்தால்? இதை எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. பவுல் தன் மாம்சத்தில் குத்திக்கொண்டிருந்த முள்ளை எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் அப்படியே இருந்தது. கிடைத்தது “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில். கல்யாணம் ஆகாதவர்கள் தன்னைப்போல இருந்துவிட்டால் நலம் என்று 1 கொரிந்தியர் 7இல் எழுதியவரும் அதே பவுல்தான். அந்த வசனத்தை எந்தச் சபையும் வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. உங்கள் மகளுக்குக் கல்யாணம் நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கும்வரை அவள் பாதி மனுஷி என்று வீடும் சபையும் நினைக்கிற நினைப்பைத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு ஆற்றாமை இருக்கும், இல்லாமல் போகாது. பெற்ற வயிறு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று உறவுக்காரர்கள் வந்து சொன்னால் எரிச்சல்தான் வரும். அதை முழுங்கிக்கொண்டு சிரிப்பதற்குப் பேர் பொறுமை இல்லை. 13ஆம் சங்கீதத்தில் தாவீது இரண்டே வசனத்துக்குள் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறார். “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று நேராகவே முறையிடுகிறார். நீங்களும் கதவைச் சாத்திக்கொண்டு அப்படிக் கேளுங்கள், அழுங்கள், சண்டை போடுங்கள். அவர் தாங்குவார். மகளிடம் பெருமூச்சு விடுவதற்குப் பதில் அவரிடம் விடுங்கள்.

கடைசியாக அந்த 21 நாள் உபவாசம். இன்னும் 16 நாள் பாக்கி. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இருப்பதானால் இருங்கள், சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. ‘குடும்பமாக’ என்ற பேச்சு வேண்டாம். அந்தப் பெண் காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பூர் போய், ஷிப்மெண்ட் தேதியோடு மல்லுக்கட்டி, ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிறவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்குக் காலையில் அவளுக்கு டிபன் பாக்ஸில் சோறு கட்டிக் கொடுங்கள். என்ன குழம்பு வேண்டும் என்று அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.