மூன்று விநாடி

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வேலையில் சேர்ந்து இது மூன்றாவது ஆண்டு. வகுப்பில் 41 பேர். அவர்களில் ஒன்பது பேர் மெல்லக் கற்போர். என்ன கேட்டாலும் எழுந்து நின்று டெஸ்க்கையே பார்க்கிறார்கள். சென்ற மாதம் போன ஒரு பயிற்சியில், பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்துக்கொண்டு பாடம் நடத்தச் சொன்னார்கள். பிரித்தேன், பலன் இல்லை. பாராட்டிப் பார்த்தேன். ‘வெரிகுட்’ சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த ஒன்பது பேரையும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வைக்கலாமா, அல்லது முன்வரிசையில் ஒன்றாக உட்கார வைக்கலாமா? ஆய்வுகளின் அடிப்படையில் படிக்கத்தக்க புத்தகம் ஏதேனும் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசப் போயிருந்தேன். வழக்கம்போல நான் சீக்கிரம் போய்விட்டேன், விழா வழக்கம்போலத் தாமதம். பொழுது போகாமல், அனுமதி கேட்டு ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“தாவரங்கள் தமக்கான உணவைத் தயாரிப்பதற்கு என்ன பெயர்? ஒளிச்...”

“சேர்க்கை!”

“அதற்கு என்ன வேண்டும்? சூரிய...”

“ஒளி!”

“இலையில் என்ன இருக்கிறது? பச்சை...”

“யம்!”

“புரிந்ததா?”

“புரிந்தது சார்!”

என் பக்கத்தில் இருந்த பையன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ‘யம்’ சொன்னான். பச்சையம் என்றால் என்ன தம்பி என்று மெதுவாகக் கேட்டேன். சிரித்தான். அவன் பங்குக்கு வந்தது ‘யம்’ மட்டும்தான். ‘பச்சை’ ஆசிரியரின் பங்கு.

அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்களைக் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். ‘ஒன்பது பேர் மெல்லக் கற்போர்’ என்று எழுதுகிறீர்கள். ‘ஒன்பது பேருக்குக் கண்ணாடி போட வேண்டும்’ என்பதைப் போல அவ்வளவு நிச்சயமாக. யார் அளந்தது? எதை வைத்து? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து, ஆசிரியர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அளந்தார். 1970களில் அதை வெளியிட்டார். சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியை மாற்றுகிறார், இன்னொருவரை எழுப்புகிறார், அல்லது தாமே சொல்லிவிடுகிறார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டச் சொல்லிப் பழக்கியபோது பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ குறைந்தது. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் கேட்காமலேயே பேசத் தொடங்கினார்கள்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அதே பதிவுகளில் அவர் இன்னொன்றையும் கண்டார். எந்தப் பிள்ளைகளை ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தார்களோ அவர்களுக்குக் கூடுதலாகக் காத்திருந்தார்கள். யாரை மந்தம் என்று நினைத்தார்களோ அவர்களுக்குக் குறைவாக. திரும்பப் படியுங்கள். ‘மெல்ல’ என்று நாம் பெயர் வைத்த பிள்ளைக்குத்தான் அவசர அவசரமாகக் கடையைச் சாத்துகிறோம். இது கொடுமை இல்லையா? நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்த ஆசிரியர்களும் நல்லவர்கள்தான். பையன் விழிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவமானப்பட வேண்டாமே என்று ‘சரி, உட்கார்’ என்றிருப்பார்கள். இரக்கத்தில் செய்தாலும் அவன் வாய் அடைபட்டதுதான்.

பெயர் வைப்பதில் நமக்கு ஈடு இல்லை. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்தார்கள். யாருக்கு எந்த இடத்திலிருந்து சொல்லித்தர வேண்டும் என்று பார்க்க அது தேவைதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பள்ளியில் ஒரு குழந்தையை என்னிடம் காட்டி, “இவன் இன்னும் அரும்பு சார்” என்றார்கள். அழகான சொல்லும் மாட்டிவிட்டால் மூக்கணாங்கயிறுதான்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் சங்கதியை விட்டுவிடுங்கள். 2008இல் நான்கு உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, பிள்ளைகளை அப்படிப் பிரித்துப் பாடம் நடத்தினால் நன்மை உண்டு என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். இன்னும் பயிற்சிகளில் அது உயிரோடு இருக்கிறது. பூக்கும் செடியைப் பார்க்கத்தான் வேண்டும், குயிலைக் கேட்கத்தான் வேண்டும். அது பிள்ளையின் ரகத்தைப் பொறுத்ததா, பாடத்தைப் பொறுத்ததா? போகட்டும்.

வெரிகுட்டுக்கும் ரோ அம்மையாரிடம் பதில் இருக்கிறது. உடனுக்குடன் பாராட்டு விழுகிற வகுப்பில், பிள்ளைகள் பதிலையே கேள்வி மாதிரி இழுத்துச் சொல்லிக்கொண்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று அவர் கவனித்தார். பாராட்டு விழுந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. மேலே ஒரு வாக்கியம் சொல்ல இருந்தவனும் அமர்ந்துவிடுவான்.

பாராட்டாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஏழாம் வகுப்பில், 1976இல் பார்த்திருக்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் வானம் பார்த்த பூமியில் இருக்கும் கிராமம் எங்களுடையது. நான் முந்திரிக்கொட்டை. வாத்தியார் கேள்வியை முடிக்கும் முன்பே என் கை மேலே போய்விடும். என் பெஞ்சுக்காரன், கிணறு வெட்டுகிறவரின் மகன், பேசவே மாட்டான். அவனுக்குத் தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அறிவியல் வாத்தியார் கேட்டார்: “மழை பெய்த மறுநாளே கண்மாயில் தண்ணீர் பெருகிவிடுகிறது. கிணற்றில் ஏறுவதற்கு மட்டும் ஏன் சில நாள் ஆகிறது?”

என் கை எழுந்தது. “கையை இறக்கு. உன் பதில் எனக்குத் தெரியும்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்கத் தொடங்கினார். முதலில் வலது பக்கம். அப்புறம் இடது பக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் வலது பக்கம். தூரத்தில் எங்கோ ஒரு பம்ப்செட் ஓடும் சத்தம் கேட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பெஞ்சுக்காரனின் பெயரைச் சொன்னார்.

எழுந்து நின்றான். நான் கீழிருந்து “மண் உறிஞ்சும், மண் உறிஞ்சும்” என்று கிசுகிசுத்தேன். வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“மேல் மண் குடித்த மிச்சத்தைத்தான் கீழே விடும், சார்.”

என் கணக்கில் பதில் முடிந்தது. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. நன்று என்றும் சொல்லவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் மறுபடியும் பேசினான். “எங்கள் ஐயா வெட்டிய கிணற்றில் மேற்கே முழுக்கப் பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும். அது வழியாகத்தான் தண்ணீர் வர வேண்டும். அதனால் முதலில் மேற்குச் சுவர்தான் கசியும். கிழக்குச் சுவர் காய்ந்தே கிடக்கும்.”

இது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. “வேறு யார் வீட்டுக் கிணற்றில் இப்படிப் பார்த்திருக்கிறீர்கள்?” என்று வாத்தியார் கேட்க, என்றைக்கும் எழாத நான்கு கைகள் எழுந்தன. ரோ அம்மையார் அளந்ததில் இந்த இரண்டாவது காத்திருப்பும் உண்டு: பிள்ளை ஒரு வாக்கியம் சொன்னபிறகு ஆசிரியர் சும்மா இருக்கும் நேரம். பலன் அதிகம் இதில்தான் என்கிறார். எங்கள் வாத்தியார் எந்த ஆய்வையும் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர் கண்ணாடியும் அவ்வளவு அழுக்காக இருந்ததில்லை.

அடுத்த ஆண்டு வேறொரு வாத்தியார் வந்தார். கேள்வி விழுந்த கையோடு பதில் வர வேண்டும், வராவிட்டால் பிரம்பு. பதில்களை எல்லாம் நான் சொன்னேன். பிரம்படி எல்லாம் அவனுக்கு. அரைப்பரீட்சை விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனுக்குச் சேர வேண்டிய விநாடிகளையும் சேர்த்துத்தான் நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கே வேண்டுமானாலும் உட்கார வையுங்கள். நன்றாகப் படிக்கிறவனைப் பக்கத்தில் வைப்பது நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறைதான். எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் 1790களில் அதைச் செய்துபார்த்த ஆண்ட்ரூ பெல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மதராஸ் முறை என்றே பெயர் வாங்கித் தந்தார். நல்லதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்னைப் போன்ற கிசுகிசுக்காரனாக இருந்தால் பயனில்லை.

புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு வகுப்பை உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு வேலைகள் முடிந்து நீங்கள் எந்த நிலையில் வீட்டுக்குப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் பின் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், காத்திருங்கள், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 40 பேரும் விடுதலையாகிவிடுவார்கள். தலைநகர் எது என்பது போன்ற கேள்விக்கு எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. ‘ஏன்’ என்ற சொல் உள்ள கேள்விகளுக்குக் காத்திருங்கள். முதல் வாரம் அந்த மூன்று விநாடி மூன்று நிமிடம்போல இருக்கும். வகுப்பு நெளியும், நீங்களும் நெளிவீர்கள். கண்ணாடி அணிவதில்லை என்றால் டஸ்டரைத் தட்டுங்கள்.

என் பெஞ்சுக்காரனோடு இப்போதும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறேன். ஊரில்தான் இருக்கிறான். நான் ஏதாவது கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஐம்பது ஆண்டுக்காலப் பழக்கம், இருந்தும் ஒவ்வொரு முறையும் லைன் போய்விட்டதென்று நினைத்து நான்தான் “அலோ, அலோ” என்று கத்துகிறேன். “இரு, யோசிக்கிறேன்” என்கிறான்.

அன்புடன்.